டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் திக்கும் கார்

ஆரணியில் பட்டுச்சேலை வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்:

“அண்ணா, என் வண்டி 2016 மாடல் பெட்ரோல் கார். நாலு சிலிண்டர், மேனுவல் கியர், 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று தடவை சேலைக் கட்டுகளோடு பெங்களூரு போய்வருவேன். விடியற்காலையில் கிளம்பி, கண்ணமங்கலம் வழியாக வேலூர் வந்து, அங்கே கழுத்துவரை ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு ஹைவே ஏறுவேன். போகவர அந்த ஒரு டேங்க் போதும். கொஞ்ச காலமாக, பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி 80-இல் ஒரே சீராகப் போகும்போது வண்டி திக்குகிறது. யாரோ பின்னாலிருந்து லேசாகப் பிடித்துப் பிடித்து விடுவதுபோல் ஜெர்க். ஆக்சிலேட்டரை அழுத்தினால் நின்றுவிடும், காலைத் தளர்த்தினால் மறுபடி வரும். ஆம்பூர், வாணியம்பாடி வரை இந்தப் பாடு. நாட்றம்பள்ளி தாண்டினால் குறைந்துவிடும். சூளகிரிப் பக்கம் மேடு ஏறும்போது ஒன்றுமே இல்லை. திரும்பி வரும்போது அறவே இல்லை. ஆரணி–வேலூர் ரோட்டிலும் வந்ததாக நினைவில்லை. சித்திரை, வைகாசியில் ரொம்ப அதிகம். செக் இன்ஜின் விளக்கு எரிந்ததே கிடையாது.

பிளக் மாற்றினேன், பழைய பிளக் நாலும் கரி பிடித்திருந்தது. இன்ஜெக்டர் கிளீன் செய்தேன். பிறகு பெட்ரோல் பம்ப்பையும் மாற்றினார்கள். புது பிளக்கும் கறுத்துவிட்டது, திக்கல் போகவில்லை. இப்போது ஒருவர் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், அதாவது ஈசிஎம், போய்விட்டது என்கிறார். இன்னொருவர் ஆக்சிஜன் சென்சார் என்கிறார். என் மச்சான், எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால் வந்த வினை என்கிறான். வண்டியை விற்றுவிடலாமா?”

நண்பரே, வணக்கம்.

விற்க வேண்டாம். ஈசிஎம் மாற்றவும் சம்மதிக்காதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எந்த ஸ்கேனரும் சொல்லாத விவரங்களை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆனால் வண்டியைப் பார்த்தவர்கள் யாரும் அவற்றை உங்களிடம் கேட்கவில்லை என்று தெரிகிறது. “என்ன கம்ப்ளெய்ன்ட்?” என்று கேட்டிருப்பார்கள், “மிஸ்ஸிங் அடிக்குது” என்று சொல்லியிருப்பீர்கள். மிஸ்ஸிங் என்றதும் பிளக், பிறகு இன்ஜெக்டர், பிறகு பம்ப் என்று வரிசையாக மாற்றியிருக்கிறார்கள். சீரான வேகத்தில் திக்கும் வண்டிக்கு முதலில் கேட்க வேண்டியது, எப்போது திக்குகிறது, அதைவிட முக்கியமாக, எப்போது திக்குவதில்லை என்பதைத்தான். அந்த இரண்டுக்கும் உங்கள் கடிதத்தில் பதில் இருக்கிறது.

பம்ப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதிகப் பணம் போனது அதில்தான். பம்ப் தளர்ந்தாலும் ஃபில்டர் அடைத்தாலும் இன்ஜினுக்குப் பெட்ரோல் குறையும். இன்ஜின் அதிகமாகப் பெட்ரோல் கேட்கும் நேரத்தில்தான் அந்தக் குறை முதலில் தெரியும்: மேடு ஏறும்போது, லாரியை முந்த அழுத்தும்போது, சுமையோடு 100-க்கு மேல் போகும்போது. வேலூர் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை சேலைக் கட்டுகளோடு அந்த உயரத்தை ஏறுகிறீர்கள், ஒரு திக்கலும் இல்லை. பழைய பம்ப் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதற்கு இன்னொரு சாட்சி பிளக். பெட்ரோல் போதாமல் ஓடும் இன்ஜினில் பிளக்கின் நுனி வெளுத்துப்போகும். உங்களுடையது நாலும் கறுத்திருந்தது. அதாவது பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. கறுத்த பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு பம்ப் மாற்றியதை என்னால் ஏற்கவே முடியவில்லை. இன்ஜினே உங்களுக்குச் சொன்ன சாட்சியத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள்.

பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் இக்னிஷன் காயிலும் பிளக்கும் பலவீனமாக இருந்தால் என்ன ஆகும்? டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று அழுத்திப் பாருங்கள். அப்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால் தீப்பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். பலவீனமான காயில் அங்கேதான் தோற்கும். உங்களுக்கோ அழுத்தினால் திக்கல் நிற்கிறது. தவிர, ஒரு காயில் கெட்டால் ஒரு பிளக்தான் கறுக்கும். நாலும் ஒன்றுபோல் கறுத்தால் கோளாறு நாலு சிலிண்டருக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது என்று பொருள்.

புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளந்து ஈசிஎம்முக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சார் சோம்பிப்போனால், ஈசிஎம் கெட்டால், அது போகும்போதும் வரும்போதும் ஒன்றுபோலத்தான் கெட்டிருக்கும். பள்ளிகொண்டாவில் கெட்டு நாட்றம்பள்ளியில் குணமாகிற ஈசிஎம் கிடையாது. மச்சான் சொன்ன எத்தனாலுக்கும் அதே பதில்தான். போகும்போது எந்தப் பெட்ரோலோ திரும்பும்போதும் அதே பெட்ரோல், அதே டேங்க். போக்குக்கும் வரவுக்கும் இடையில் மாறுவது ஒன்றே ஒன்று: டேங்கில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்பது. கழுத்துவரை நிறைந்திருக்கும்போது திக்குகிறது, இறங்க இறங்கக் குறைகிறது, பாதியானதும் நின்றுவிடுகிறது. இதோடு வெயில் காலத்தில் அதிகம் என்பதையும் சேர்த்தால் என் சந்தேகம் இரண்டு உறுப்புகள் மேல் விழுகிறது. ஒன்று சார்க்கோல் கேனிஸ்டர், மற்றது அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் பர்ஜ் வால்வ்.

இந்த இரண்டையும் பற்றி வண்டிக்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். டேங்கில் பெட்ரோல் எந்நேரமும் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அந்த ஆவியை வெளியே விட்டால் காற்று கெடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே ஒரு குழாய் வழியாக அதை ஒரு டப்பாவுக்கு அனுப்புகிறார்கள். டப்பா நிறைய, ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கரித்துகள். அதுதான் கேனிஸ்டர். சில வண்டிகளில் பானெட்டுக்குள் இருக்கும், சிலவற்றில் டேங்குக்குப் பக்கத்தில் அடியில் இருக்கும். கரி எவ்வளவு காலம்தான் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்? அவ்வப்போது அதைக் காலி செய்ய வேண்டும். வண்டி ஓடும்போது ஈசிஎம் பர்ஜ் வால்வைத் துடிப்புத் துடிப்பாகத் திறக்கிறது. இன்ஜினுக்குள் காற்று நுழையும் இன்டேக் பக்கத்து வாக்யூம், அதாவது உறிஞ்சும் இழுவை, கேனிஸ்டர் வழியாக வெளிக்காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று கரியில் ஒட்டியிருக்கும் பெட்ரோல் ஆவியைக் கூட்டிக்கொண்டு வந்து இன்ஜினில் எரிகிறது. நல்ல ஏற்பாடு, காசும் மிச்சம்.

ஈசிஎம் அந்த வால்வை எப்போது திறக்கும் தெரியுமா? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது திறக்காது. ஐட்லிங்கில் மூடியே இருக்கும், அல்லது மிகக் குறைவாகத் திறக்கும். இன்ஜின் சூடேறி, வண்டி சீரான வேகத்தில், ஆக்சிலேட்டரை லேசாக மட்டும் மிதித்தபடி போகும்போதுதான் தாராளமாகத் திறக்கும். அதாவது பள்ளிகொண்டா தாண்டி 80-இல் நீங்கள் நிம்மதியாகப் போகும் அதே நேரத்தில்.

இனி கழுத்துவரை பெட்ரோல் போடும் விஷயம். பங்கில் கன் தானாக ‘டக்’ என்று நிற்கிறதல்லவா, அது காரணமில்லாமல் நிற்பதில்லை. கன்னின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் எழும்பி அந்தத் துளையை மூடியதும் கன் நின்றுவிடும். அதற்கு மேலேயும் டேங்கில் இடம் இருக்கும். அது பெட்ரோல் விரிவதற்கும் ஆவி நிற்பதற்கும் விட்ட இடம். “ரவுண்டா போடுப்பா”, “இன்னும் கொஞ்சம் ஏறும்” என்று நாம் நிரப்புவது அந்த இடத்தைத்தான். மேனுவலில் போட்டிருக்கும் கொள்ளளவைவிடச் சில லிட்டர் அதிகமாக ஏறிவிட்டது, பங்க்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் தன் அளவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். பங்கில் அது தரைக்கடியில் ஓரளவு குளிர்ந்து கிடக்கிறது. விடியற்காலையில் 40 லிட்டர் வாங்கிக்கொண்டு கிளம்புகிறீர்கள். நம்ம வேலூர் வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தார் ரோட்டின் அனல் கீழிருந்து டேங்கில் படுகிறது, சைலன்சர் சூடு பக்கத்தில். பத்து டிகிரி ஏறினாலே 40 லிட்டர் பெட்ரோல் 400 மில்லி அளவுக்கு விரிந்துவிடும். கழுத்துவரை நிறைந்த டேங்கில் அதற்கு இடமில்லை. அது ஆவிக் குழாய்ப் பக்கம்தான் தள்ளும். ஆவியை உறிஞ்சச் செய்த கரி, திரவப் பெட்ரோலில் நனைந்துவிடும். இப்படித் திரவம் அந்தப் பக்கம் போகாமல் தடுக்கும் வால்வ் டேங்கில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் பயணத்துக்குப் பயணம், வருடக்கணக்கில் கழுத்துவரை நிரப்பினால் அதற்கும் ஓர் அளவு உண்டு.

கேனிஸ்டர் நனைந்தபின் பர்ஜ் வால்வ் திறந்தால் மெல்லிய ஆவிக்குப் பதிலாகக் கனத்த பெட்ரோல் ஆவி இன்ஜினுக்குள் போகும், சில நேரம் துளியாகவே போகும். ஈசிஎம்முக்கு இது எப்படியிருக்கும் என்றால், சமையல்காரர் அளந்து உப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் திரும்பும் சமயம் பார்த்து இன்னொருவர் கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டதுபோல இருக்கும். ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு இன்ஜெக்டர் அளவைக் குறைக்கும், வால்வை மூடிப் பார்க்கும், மறுபடி திறக்கும், மறுபடி அதிகமாகும். 80-இல் டாப் கியரில் உங்கள் இன்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்று அளவில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சிலிண்டரிலும் விநாடிக்கு 20 முறை தீப்பற்றுகிறது. அந்த நேரம் ஆக்சிலேட்டர் லேசாகத்தான் திறந்திருக்கிறது. சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறைவு, பெட்ரோலும் குறைவு. அந்தச் சிறு அளவில் அழைக்காத பெட்ரோல் கொஞ்சம் சேர்ந்தாலே கலவை கெட்டு, சில பற்றல்கள் தவறும். அதைத்தான் உங்கள் முதுகு ஜெர்க்காக உணர்கிறது. அழுத்தி மிதித்தால் காற்று நிறைய வரும், இன்டேக்கின் வாக்யூம் குறையும், கேனிஸ்டரிலிருந்து இழுவையும் குறையும். வருகிற கொஞ்சமும் பெரிய அளவில் கரைந்துவிடும். சூளகிரி மேட்டில் திக்காததற்கும், லாரியை முந்தும்போது திக்காததற்கும், பிளக் நாலும் கறுத்ததற்கும் இந்த ஒரு காரணமே போதும்.

செக் இன்ஜின் விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்பீர்கள். பல கோளாறுகளுக்கு ஈசிஎம் ஒரே தடவையில் விளக்கைப் போடாது. முதல் ஓட்டத்தில் குறை தெரிந்தால் ‘பெண்டிங் கோடு’ என்ற கோளாறுக் குறியீடாக ஓரமாகக் குறித்து வைக்கும். அடுத்த ஓட்டத்திலும் அதே குறை தெரிந்தால்தான் விளக்கு எரியும். நீங்கள் போகும்போது குறை, பெங்களூரில் நிறுத்துகிறீர்கள், திரும்பும்போது குறையில்லை. குறித்து வைத்தது அழிந்துபோகும். ஆரணி வந்து சேர்ந்தபின் மறுநாள் ஸ்கேனர் போட்டுப் பார்த்தவருக்கு ஒன்றும் கிடைக்காததில் வியப்பில்லை. “கோடு இல்லை, அப்போ ஈசிஎம்தான்” என்ற முடிவுக்கு வருவதுதான் தவறு.

எத்தனால் பற்றி மச்சான் சொன்னதை ஒதுக்கவில்லை, அதற்குரிய அளவில் எடுத்துக்கொள்வோம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. அதற்கேற்ற ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களோடு வண்டிகள் பொதுவாக 2023 ஏப்ரலிலிருந்துதான் வரத் தொடங்கின. உங்களுடையது 2016. சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இரண்டும் கலந்த இ20-க்கு ஏறத்தாழ 13.5. ஆகவே ஈசிஎம் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். அதைச் சமாளிக்க அதற்குத் தெரியும், மைலேஜ்தான் குறையும். அப்படியே சமாளிக்க முடியாமல் போனாலும் கலவை மெலியும், பிளக் வெளுக்கும், உங்களுடையதுபோல் கறுக்காது. பழைய டேங்கில் படிந்த அழுக்கை எத்தனால் கரைத்து ஃபில்டருக்கு அனுப்பும், தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிகளுக்கு அது நிஜமான தொல்லை. உங்கள் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை மட்டும் ஒருமுறை தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

சரி, சந்தேகத்தை உறுதி செய்யாமல் இந்த வால்வையும் வாங்கி மாட்டினால் நானும் உங்களைப் பழைய வழியிலேயே அனுப்பியவன் ஆவேன். சோதனைகள் எளியவை. முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். அடுத்த பயணத்தில் கழுத்துவரை போடாதீர்கள். முக்கால் டேங்கோடு நிறுத்தி, அதே நேரத்தில், அதே ரோட்டில், அதே 80-இல் ஆம்பூர் வரை போங்கள். செவ்வாய்க்கிழமை வேண்டாம், பொய்கைச் சந்தைக்குப் போகும் மாட்டு வண்டிகளும் வேன்களும் இருக்கும், சீராகப் போகவே முடியாது. முக்கால் டேங்கில் திக்கல் வரவில்லை, அதற்கடுத்த முறை நிரப்பினால் வருகிறது என்றால் பாதிக்கு மேல் உறுதி.

அதே பயணத்தில் ஏசியை அணைத்தும் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். ஏசி கம்ப்ரசர் விட்டு விட்டுப் பிடிக்கும்போதும் சீரான இடைவெளியில் ஒரு இழுப்பு வரும், பலர் அதை இன்ஜின் மிஸ்ஸிங் என்று எண்ணிவிடுவார்கள். 80-இலேயே ஐந்தாவது கியரிலிருந்து நாலாவதுக்கு வந்தும் பாருங்கள். கியர் மாறியும் அதிர்வு அப்படியே இருந்தால் அது டயர், வீல் பக்கத்துச் சமாச்சாரம். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் இந்த இரண்டும் இருக்காது என்றே தோன்றுகிறது, இருந்தாலும் ஐந்து நிமிட வேலைதானே.

இரண்டாவது சோதனைக்கு ஒரு மெக்கானிக் கூட இருக்கட்டும். இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டு, பர்ஜ் வால்விலிருந்து கேனிஸ்டர் பக்கம் போகும் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். அந்த நேரம் வால்வ் மூடியிருக்க வேண்டும், விரலை இழுக்கக் கூடாது. இழுத்தால் வால்வ் மூடாமல் கசிகிறது, மாற்ற வேண்டியதுதான். கழற்றிய வால்வைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். கறுப்பு மணல்போல் துகள் உதிர்ந்தால் கேனிஸ்டருக்குள் கரி உடைந்து வால்வுக்கு வந்துவிட்டது. அப்போது வால்வை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கேனிஸ்டரையும் மாற்றி, நடுக்குழாயை ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றிய குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டினால் வேறு சாட்சியே வேண்டாம்.

மூன்றாவது, திக்கிக்கொண்டிருக்கும்போதே செய்வது. நிரம்பிய டேங்கோடு போய், திக்கல் ஆரம்பித்ததும் மாதனூர்ப் பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்கி நிழலில் நிறுத்துங்கள். ஹைவே ஓரத்தில் வேண்டாம். டீக்கடைக்குப் பக்கத்திலும் வேண்டாம், அங்கே அடுப்பு எரியும். இன்ஜினை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, பர்ஜ் வால்வ் குழாயை இன்டேக் பக்கம் கழற்றி, இன்டேக்கில் இருக்கும் வாயையும் குழாயின் வாயையும் ரப்பர் மூடியால் இறுக்கமாக அடைத்துவிட்டு, மறுபடி ரோட்டுக்கு வந்து 80-இல் பத்து கிலோமீட்டர் போங்கள். திக்கல் மறைந்தால் வழக்கு முடிந்தது. வால்வின் ஒயரைப் பிடுங்கினாலும் ஆவி நிற்கும், ஆனால் வால்வே திறந்தபடி மாட்டியிருந்தால் அந்த வழி உதவாது. இந்தச் சோதனை முடிந்ததும் குழாயைப் பழையபடி மாட்டிவிடுங்கள். “இதான் ட்ரபிள் குடுக்குது, அடைச்சே விட்டுடலாம் சார்” என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். கரி காலியாகாமல் நிறைந்து ஆவி வெளியே கசியும், பெட்ரோல் நாற்றம் வரும், வெயிலில் நிற்கும் வண்டிக்கு அது நல்லதல்ல.

ஸ்கேனர் இருந்தால் கோடு தேட வேண்டாம், லைவ் டேட்டாவைப் பாருங்கள். வண்டியின் ஸ்கேனர் சாக்கெட்டில் செருகி ஃபோனோடு இணைக்கும் புளூடூத் ஓபிடி கருவியே போதும். ஆனால் நீங்கள் ஓட்டும்போது பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்து எழுத வேண்டும். ‘ஷார்ட் டெர்ம் ஃபியூயல் ட்ரிம்’ என்று ஓர் எண் வரும். ஈசிஎம் கணக்குப் போட்ட பெட்ரோல் அளவை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதே அது. நல்ல வண்டியில் கூட்டலும் கழித்தலுமாக 5 சதவீதத்துக்குள் ஆடிக்கொண்டிருக்கும். திக்கும் நேரத்தில் அது மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கி, பர்ஜ் வால்வ் மூடியதும் உடனே திரும்பினால் நான் சொல்வது சரி. அதற்கு மாறாகப் பிளஸ் பக்கம் ஏறினால் பெட்ரோல் குறைகிறது என்று பொருள், அப்போது என் கணிப்பு தவறு. வேறு திசையில் தேட வேண்டும். சில மெக்கானிக்குகள் இந்த எண்ணைப் பார்த்ததும் ‘ஏர் லீக்’ என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் வண்டி, இன்டேக்கின் அழுத்தத்தைப் பார்க்கும் மேப் சென்சார் வைத்துக் காற்றை அளக்கும் வகை என்றால், இன்டேக்கில் காற்றுக் கசிந்தாலும் ட்ரிம் பெரிதாக ஏறாது. ஐட்லிங் வேகம்தான் உயரும். இந்த வித்தியாசம் தெரியாமல் புகை விட்டுக் கசிவு தேடி ஒரு நாளைப் போக்குவார்கள்.

கேனிஸ்டருக்குக் காற்று உள்ளே வரும் ஒரு திறந்த வாயும் உண்டு. நம் பக்கத்தில் குளவி அதில் மண்ணடைத்துக் கூடு கட்டிவிடும், எலி குழாயைக் கடித்துவிடும். உங்கள் வண்டி நெல், வேர்க்கடலை மூட்டை கிடக்கும் இடத்தில் நிற்கிறதென்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். பெட்ரோல் மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று பலமாகக் காற்றை உள்ளே இழுத்தால் அந்த வாய் அடைத்திருக்கிறது.

கோளாறு இதுதான் என்று உறுதியானால் செலவு பெரிதாக இருக்காது. வால்வ் கெட்டிருந்தால் அதை மாற்றுவது அரைமணி வேலை. விலை, நீங்கள் பம்ப்புக்குக் கொடுத்ததில் சிறு பங்குதான் வரும். கரி உடையாமல் வெறுமனே நனைந்திருந்தால் கேனிஸ்டரை உடனே வாங்க வேண்டியதில்லை. கன் முதல் தடவை நின்றதும் நிறுத்தி, சில வாரம் முக்கால் டேங்கிலேயே ஓட்டினால் ஓட ஓடத் தானே காய்ந்துவிட வாய்ப்பு இருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டுக்குத் தினமும் போய்வரும் ஒருவரின் வண்டி இதே போல் வந்தது. வேறெதுவும் மாற்றவில்லை, நிரப்பும் பழக்கத்தை மாற்றச் சொன்னோம், குணமானது. ஆனால் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். இத்தனை நாள் பெட்ரோல் அதிகமாகப் போயிருப்பதால் அதில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால், ஆயில் அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். பிளக்குகளைச் சுத்தம் செய்து திரும்பப் போடலாம், புதியவைதானே.

அதுவரை வண்டியை ஓட்டலாமா என்றால், முக்கால் டேங்கில் ஓட்டலாம். ஒரே எச்சரிக்கை: செக் இன்ஜின் விளக்கு என்றாவது மின்னி மின்னி எரிந்தால் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சிவக்கச் சூடாக்கிக் கெடுக்கிறது என்று அதற்குப் பொருள். அந்த ஒரு பாகத்தின் விலை இதுவரை நீங்கள் செய்த எல்லாச் செலவையும் தாண்டிவிடும். திக்கும் வண்டியோடு லாரியை முந்தவும் போகாதீர்கள்; வண்டிக்குள் சேலைக் கட்டு மட்டுமல்ல, நீங்களும் இருக்கிறீர்கள்.

மூன்று சோதனையிலும் நான் சொன்னபடி வரவில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியவை சில உண்டு: கூலன்ட் டெம்ப்பரேச்சர் சென்சார் இன்ஜின் சூடேறியும் குளிர்ந்திருப்பதாகச் சொல்கிறதா, மேப் சென்சாரின் வாய் கரி பிடித்திருக்கிறதா, கிளீன் செய்த இன்ஜெக்டர்களில் ஏதாவது மூடாமல் சொட்டுகிறதா என்று. அப்போது மறுபடி எழுதுங்கள். எழுதும்போது ஐட்லிங்கில் ட்ரிம் எவ்வளவு, 80-இல் திக்கும்போது எவ்வளவு, அதே நேரம் கூலன்ட் டிகிரி எவ்வளவு, டேங்கில் எத்தனை கோடு பெட்ரோல் இருந்தது என்ற நாலு விவரமும் இருக்கட்டும். பெங்களூரு போய்ச் சேர்ந்ததும், அங்கேயே, இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேனர் போட்டுப் பெண்டிங் கோடு ஏதாவது நிற்கிறதா என்று பார்த்து அதையும் சேர்த்து அனுப்புங்கள்.